மாசிக் கருவாடும் மாசி மாதமும்: ஒரு திருத்தம்

முப்பது வருஷத்துக்கு முன்பு வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த ஒரு தவறை இன்று திருத்த வேண்டியிருக்கிறது.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் லாஸ்பேட்டை வீட்டுக்கு வந்தார். கப்பல் வேலையில் இருப்பவர். லட்சத்தீவிலிருந்து வாங்கி வந்ததாக ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் விறகுத் துண்டு மாதிரி கறுப்பாக நான்கு கட்டைகள். மேசையில் தட்டினால் மரச் சத்தம் வருகிறது. மாசிக் கருவாடு!

“மாசி மாசத்துல காயவைக்கிறதாலதான் இந்தப் பேருன்னு சொல்லிக்கொடுத்தீங்க சார். அங்க டிசம்பர்லயே காயவெச்சிட்டு இருந்தாங்களே?” என்று சிரித்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்றிரவே தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

மாலத்தீவு மக்களின் திவெஹி மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். லட்சத்தீவின் தென்கோடியிலுள்ள மினிக்காய் தீவிலும் அதே மொழிதான், அங்கே அதை மஹல் என்கிறார்கள். அந்த மஸ்தான் நம் வாயில் மாசி ஆனது. மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மீன் வேறொன்றுமில்லை, நம்ம சூரைதான். வயிற்றில் நீளவாக்கில் கோடு போட்ட வரிச்சூரை. நம் பக்கம் அதற்கு மரியாதை குறைவு. ரத்தம் அதிகம் என்று ஒதுக்கிவிட்டு வஞ்சிரத்துக்குப் போய்விடுவோம். மினிக்காயில் ஊரே அதை வைத்துத்தான் வாழ்ந்திருக்கிறது. அதுவும் வலை இல்லாமல், மூங்கில் கம்பும் ஒற்றைத் தூண்டிலும் கொண்டு.

முதலில் தீவின் உள்கடலில் பவளப்பாறை ஓரம் பொடிமீன் பிடிப்பார்கள். படகின் நடுவில் ஓர் அறை. அதன் அடியில் துளைகள். கடல்நீர் வந்து போய்க்கொண்டே இருப்பதால் பொடிமீன் சாகாது. பிறகு வெளிக்கடல். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் பொடிமீனை உயிரோடு இறைப்பார்கள், பக்கத்திலேயே தண்ணீரை வாரித் தெளிப்பார்கள். பெரிய மீன்கூட்டம் துள்ளுகிறது என்று நினைத்துச் சூரை வெறிகொண்டு பாயும். பளபளக்கும் வெறும் கொக்கியைக்கூடக் கவ்விவிடும். கொக்கியில் எதிர்முள் கிடையாது. கம்பை ஒரே வீச்சில் பின்னால் இழுத்தால் மீன் படகில் விழும், கொக்கி தானாகக் கழன்றுகொள்ளும், அடுத்த நொடி கம்பு மறுபடி கடலில். கழற்ற நேரம் செலவழித்தால் கூட்டம் போய்விடும் அல்லவா? அந்த முள்ளில்லாத கொக்கியில் இருக்கிற மூளையை நினைத்து நான் வெகுநேரம் வியந்தேன்.

பிடித்த மீனை நான்காகப் பிளந்து, வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தால் மாசி. மாதக்கணக்கில் கெடாது. 1343-இல் மாலத்தீவுக்கு வந்து காஜியாக இருந்த இபின் பதூதா இதை அப்படியே எழுதியிருக்கிறார்: நான்கு துண்டு, ஓலைக்கூடை, புகை எல்லாம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதாம். (அங்கிருந்து இலங்கை வழியாக நம் மதுரை சுல்தானிடமும் வந்தார். அது தனிக் கதை.)

நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரிக்கு வந்தது 1674. அதற்கு எழுபது வருஷம் முன்பே, 1602-இல், பிரார் தெ லவால் என்ற பிரெஞ்சுக்காரர் கப்பல் உடைந்து மாலத்தீவில் மாட்டிக்கொண்டார். ஏறக்குறைய ஐந்து வருஷம் ஊர் திரும்ப முடியவில்லை. அவருடைய புத்தகத்திலும் இந்த மீன் வருகிறது, கடல்நீரில் வேகவைத்து உலர்த்துவது உட்பட.

என்னைக் குத்தியது வேறொரு விஷயம். மினிக்காய் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. (நவம்பர் 1 நமக்கும் விடுதலை நாள், 1954.) ஆக, இந்த மீனவர்கள் தமிழ்நாட்டோடு ஒரே மாநிலத்தில் இருந்தவர்கள். இலங்கைத் தமிழர் வீட்டுச் சம்பலில் அவர்கள் மாசி மணக்கிறது. நாமோ அதற்கு ஒரு மாதப் பெயரை ஒட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம். அதில் நானும் ஒருவன்.

1960-களில் படகுகளுக்கு எஞ்சின் வந்தது. மினிக்காயின் தூண்டில் வித்தை மற்றத் தீவுகளுக்கும் பரவியது. இன்றும் கம்பு அதேதான். சுருக்குமடி வலைக்காக 2021-இல் வீராம்பட்டினமும் நல்லவாடும் மோதிக்கொண்டதைப் பார்த்தவர்கள் நாம். ஒரு கம்புக்கு ஒரு மீன் என்ற கணக்கில் இத்தனை நூற்றாண்டு ஓட்டியிருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்கும் ஆபத்து உண்டு. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறி லட்சத்தீவின் பவளம் வெளுத்தது. பொடிமீனில் பல வகை பவளத்தை நம்பியவை. பொடிமீன் இல்லாமல் கம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நேற்று ஒரு கட்டையை உரலில் இடித்து, தேங்காய், மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்துச் சம்பல் அரைத்தோம். இடிக்கத்தான் கை வலித்தது. மீதி மூன்று கட்டை இருக்கிறது. அந்த வகுப்புப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் வீட்டுக்கு வாருங்கள், வரும்போது பழைய நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு வாருங்கள்.