ஷிகாரி என்றால் யார்?

போன வருஷம் தை மாதம் சென்னையிலிருந்து ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் பறவை பார்க்க வந்திருந்தார்கள். எங்க ஊர் இரும்பையிலிருந்து வடகிழக்கே பைக்கில் போனால் கழுவேலி. மழை முடிந்த மாதங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், அதற்கப்பால் எடையன்திட்டு கழிமுகம், மரக்காணம் உப்பளங்கள். 2021 டிசம்பரில் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். சேற்றில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைத்தால் இடுப்பு வரை போகும் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. அதனால் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெரியவர் ஒருவரைக் கூட வரச் சொல்லியிருந்தேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கரையோர ஈர மண்ணில் ஒரு தடத்தைக் காட்டினார். "நரி சார். ராத்திரி பனி எறங்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு." எப்படித் தெரியும் என்று கேட்டேன். குனிந்து பார்க்கச் சொன்னார். தடத்துக்குள் ஊசியால் குத்தின மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். மேலே இருந்த புல்லிலிருந்து பனி சொட்டின இடம். தடம் முதலில், பனி பிறகு. லாக் ஃபைலில் டைம்ஸ்டாம்ப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அந்த மனுஷன் மண்ணில் டைம்ஸ்டாம்ப் படித்தார்.

அன்று எடுத்த படங்களை இங்கே பதிவாகப் போட்டேன். பறவைகளின் தமிழ்ப் பெயர், லென்ஸ் விவரம், வந்த நண்பர்களின் பெயர் எல்லாம் இருந்தது. அவரைப் பற்றி மட்டும் "உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன்" என்று ஒரு வரி. அப்போது அது உறுத்தவில்லை. பழைய வேட்டைப் புத்தகங்களை ஸ்கேன் பிரதிகளில் வரிசையாகப் படிக்க ஆரம்பித்தபோதுதான் உறுத்தியது. அந்தப் புத்தகங்களிலும் இதே வரிதான், பக்கத்துக்குப் பக்கம்.

"ஷிகாரி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் அதைக் கேட்டால் தொப்பியும் துப்பாக்கியுமாக ஒரு துரை ஞாபகத்துக்கு வருகிறார். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்) அந்தச் சொல்லுக்கு வேட்டைக்காரர் என்ற பொருளோடு இன்னொன்றும் சொல்கிறது: ஐரோப்பியருக்கு வழிகாட்டியாகவும் உதவியாகவும் கூடப் போகும் உள்ளூர் நிபுணர். அதாவது துரை கூலிக்கு அமர்த்தும் ஆள். ஆனால் கம்பெனி ராணுவத்தில் இருந்த லெவசன் என்பவர் 1860இல் தன் வேட்டைப் புத்தகத்தை எழுதியபோது போட்டுக்கொண்ட புனைபெயர் "கிழ ஷிகாரி". கூலிக்கு வந்தவனின் பட்டத்தைக்கூட எஜமானர் எடுத்துக்கொண்டார் என்று இதைப் படிக்கிறேன். கொஞ்சம் கடுமையான வாசிப்புதான், இருக்கட்டும்.

சரி, அந்தக் கால வேட்டைப் பயணத்தில் யார் என்ன வேலை செய்தார்கள்? நீலகிரியில் வரையாட்டைச் சுட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பரிசாக மதிக்கப்பட்டது முதுகில் வெளுத்த பட்டை விழுந்த கிழட்டுக் கிடா மட்டும். மந்தையில் அது ஒன்றோ இரண்டோ இருக்கும். பாறைச் சரிவில் அரை மைலுக்கு அப்பால் நிற்கும் மந்தையில் எது கிடா என்று பார்க்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துச் சுற்று வழி பிடிக்க வேண்டும், மூடுபனி எப்போது ஏறும் என்று சொல்ல வேண்டும். புலி என்றால் எந்த ஓடையில் தண்ணி குடிக்கிறது, எருமைக் கன்றை எங்கே கட்டினால் வரும், பரண் எந்த மரத்தில், காடு கலைக்கிற ஆட்கள் எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட வேண்டும். அடிபட்ட புலி புதருக்குள் போய்விட்டால் ரத்தத் தடம் பார்த்து முன்னால் போக வேண்டும். இதெல்லாம் இருளர், குறும்பர், ஆனைமலையில் காடர், இன்னும் ஊர் ஊருக்கு இருந்த வேட்டைக்காரர்களின் வேலை. விசையை அழுத்துவது துரையின் வேலை. அதற்கும் தைரியமும் குறியும் வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வார உழைப்பில் கடைசி நிமிஷம் அது.

இலங்கையில் மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டார் என்பார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். 1,400 என்ற எண் நிற்கிறது, மின்னல் கதை நிற்கிறது, அத்தனை யானைகளிடமும் அவரைக் கூட்டிப்போனது யார் என்பது கதையிலேயே இல்லை.

விதிவிலக்கு உண்டு. கென்னத் ஆண்டர்சன். 1910இல் பிறந்து 1974இல் இறந்த பெங்களூர்க்காரர். 1954இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தின் தலைப்பே பைரா பூசாரி. அன்றைய சேலம் மாவட்டத்துச் சின்னாற்றங்கரையில் கரையைக் குடைந்து குடும்பத்தோடு வாழ்ந்த ஆள், திருட்டு வேட்டைக்காரர். காட்டைப் பற்றித் தனக்கு அவர் கற்றுக்கொடுத்ததை ஆண்டர்சன் மறைக்கவில்லை. ஆண்டர்சன் கதைகளில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சுவைக்காகச் சேர்த்தது என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். பைராவுக்கு ஒரு அத்தியாயம் கொடுத்ததற்காக அந்த மனுஷனுக்கு நான் நிறைய மன்னிப்பேன்.

"திருட்டு வேட்டை" என்ற சொல்லைக் கவனியுங்கள். எப்போது அது திருட்டானது? சென்னை மாகாண அரசு முன்பு காட்டு யானையைக் கொல்ல சன்மானம் கொடுத்தது; 1873இல் அதே அரசு யானைகளைக் காக்கச் சட்டம் போட்டது. 1877இல் நீலகிரியில் வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள், 1879இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம். விலங்குகள் தீர்ந்துகொண்டிருந்தது நிஜம், சட்டம் தேவைதான். அந்தச் சங்கம் இல்லாவிட்டால் நீலகிரியில் வரையாடு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் உரிமம், சீசன், இத்தனை தலைக்கு மேல் கூடாது என்கிற ஏற்பாடு முழுக்கத் துப்பாக்கியும் பணமும் உள்ளவருக்கு வசதியானது. கண்ணியும் வலையும் வைத்துச் சாப்பாட்டுக்குப் பிடிப்பவர் குற்றவாளி. அதே ஆள் உரிமம் வைத்த துரைக்கு முன்னால் நடந்தால் ஷிகாரி.

சுதந்திரத்துக்குப் பிறகு வேட்டை நின்றுவிடவில்லை. சொல்லப்போனால் அப்போதுதான் அது முழு வியாபாரமானது. 1950கள், 60களில் ஷிகார் கம்பெனிகள் வெளிநாட்டுப் பணக்காரர்களுக்குப் பேக்கேஜ் போட்டு விற்றன. காட்டைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து வனத்துறை அனுமதி கொடுக்கும். கம்பெனி அதை முன்பதிவு செய்து ஜீப், டேரா, சமையல்காரர், தடம் பார்ப்பவர் எல்லாம் ஏற்பாடு செய்யும். நாட்டுக்கு டாலர் வரும் என்பதால் அரசுக்கும் ஆட்சேபம் இல்லை. நாக்பூரின் ஆல்வின் கூப்பர் இதில் பெரிய பெயர்; பின்னால் மத்திய அமைச்சரான வி.சி. சுக்லா நடத்தியது. நம் பக்கத்தில் தோலையும் தலையையும் மைசூர் வான் இங்கன் பட்டறைக்கு அனுப்புவார்கள். 1900 வாக்கில் தொடங்கி 1999இல் மூடிய அந்தப் பட்டறையில் பாடம் செய்யப்பட்ட புலி, சிறுத்தைகள் மட்டும் 43,000க்கு மேல். இந்த எண்ணைப் படித்துவிட்டு அன்று ராத்திரி வேறு எதுவும் படிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் சுட்டவர் பெயர், ஊர் என்று ஒரு பதிவு இருந்திருக்கும் இல்லையா?

1969இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் டெல்லியில் கூடியது. அடுத்த வருஷம் புலி வேட்டைக்குத் தடை. ஷிகார் கம்பெனிகள் நீதிமன்றம் போய்த் தோற்றன. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அந்த வருஷக் கணக்கெடுப்பில் புலிகள் 1,827. கம்பெனிக்காரர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள், துரைமாருக்குப் புத்தகங்கள் இருந்தன. முன்னால் நடந்தவருக்குக் கையில் இருந்தது தடம் படிக்கிற வித்தை மட்டும். அதைக் காட்டில் பயன்படுத்தினால் இப்போது ஜெயில்.

எங்க கடற்கரைப் பக்கத்து இருளருக்கு இது வேறு மாதிரி வந்தது. (நீலகிரி இருளருக்கும் இவர்களுக்கும் பெயர்தான் ஒன்று, பேச்சும் வாழ்க்கையும் வேறு.) இவர்கள் வேலை எலியும் பாம்பும். பாம்புத் தோல் வியாபாரிகளுக்குத் தோல் கொடுத்துப் பிழைத்தார்கள். 1970களின் நடுவில் தோல் ஏற்றுமதி நின்றதும் அந்த வருமானம் போனது. ஆனால் இங்கே மட்டும் ஒரு கதவு திறந்தது. ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உரிமத்தோடு பிடிப்பார்கள். சில வாரங்களில் சில முறை விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விடுவார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் அங்கிருந்து போகிறது.

அந்தச் சங்கத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகி மற்ற விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. மாநில வனவிலங்கு ஆணையமும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் சேர்ந்து இவர்களை அழைத்தன. அங்கத்து வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் கரை ரோட்டில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே தேடுவார்கள். இவர்கள் வண்டியை விட்டு இறங்கிப் புதருக்குள் நுழைந்து, தரையில் பாம்பு போன அடையாளத்தைப் பார்த்தார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்பு, அதில் ஒன்று 16 அடிப் பெண். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

நான் இதுவரை படித்த வேட்டை வரலாற்றில் துரை கூட இல்லாமல், தடம் பார்த்தவர்களின் பெயரே செய்தித் தலைப்பில் வந்தது இந்த ஒரு இடத்தில்தான். சும்மா சந்தோஷப்பட்டுவிட்டுப் போகலாம். ஆனால் என் பழைய பதிவு ஞாபகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கழுவேலிப் பக்கம் போய் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். மடியில் கட்டியிருந்த ஓலைப்பறியில் அன்றைய இறால் இருந்தது. ஃபுளோரிடா கதையைச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரியும், டிவியில் பார்த்திருக்கிறார். "ஐயா, நீங்க அன்னிக்குக் காட்டுனதைப் பத்தி எழுதியிருந்தேன். உங்க பேரு போடாம விட்டுட்டேன், தப்பு. இப்ப போடறேன், முழுப்பேரு சொல்லுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேணாம் சார். இப்ப சரணாலயம் ஆக்கிட்டாங்க. நரி தடம் தெரியும், முயல் தடம் தெரியும்னு பேரோட எழுதி வெச்சீங்கன்னா, நாளைக்கு எங்கனா ஒண்ணு காணாமப் போச்சுன்னா மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் வருவாங்க" என்றார்.

பழைய பதிவில் அந்த வரி அப்படியே இருக்கிறது. லென்ஸ் விவரத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.