சாந்தி ஓடிய எண்ணூறு மீட்டர்

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து போன சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். சில நாட்களிலேயே பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். மருத்துவர் அறையைத் தாண்டக்கூடாத முடிவு ஊருக்கெல்லாம் செய்தியானது. அவர் ஊக்கமருந்து எதுவும் எடுக்கவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான்.

தமிழ்நாடு அரசு மட்டும் 15 லட்சம் ரூபாய் கொடுத்துக் கௌரவித்தது. 2007இல் சாந்தி உயிரை விட முயன்றார், பிழைத்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். 2012இல் மறுபடியும் சூளையில் தினக்கூலி. பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்து, அரசுப் பயிற்சியாளரானார்.

வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் 'தன்னம்பிக்கை' என்று குறிப்பெடுக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. அவருடைய மனவலிமையையே பேசிக்கொண்டிருந்தால், அதை அப்படிச் சோதித்தவர்களை யார் கேட்பது?

துத்தீ சந்த் கேட்டார். வழக்கறிஞர்களும் ஆர்வலர்களும் உடன் நின்றார்கள். 2015இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த ஹார்மோன் விதியை நிறுத்திவைத்தது. தோஹாவில் சாந்தியோடு அப்படி யாரும் நிற்கவில்லை. வெள்ளிப் பதக்கம் இன்னும் திரும்பி வரவில்லை.