சுரங்க இழுவையில் பிராணி சக்தியும் மின்சக்தியும்

நிலத்தடியில் வெட்டியெடுக்கப்பட்ட நிலக்கரியையோ உலோகக் கல்லையோ வெட்டுமுகத்திலிருந்து சுரங்கக் கிணற்றின் அடிவரை தண்டவாளத்தின்மீது கொண்டுசேர்க்கும் தொழில் இழுவை எனப்படும். நெடுங்காலம் மனிதரும், பின்னர் குதிரை, கோவேறு கழுதை முதலிய பிராணிகளும் செய்துவந்த இவ்வேலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து சிறிது சிறிதாக மின்சாரத்தின் வசம் வந்தது.

இங்கிலாந்தில் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கிய 1842ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், அவர்கள் விட்டுச்சென்ற இடத்தைப் பெரும்பாலும் மட்டக் குதிரைகள் நிரப்பின. 1913ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டுச் சுரங்கங்களில் ஏறக்குறைய 70,000 குதிரைகள் உழைத்தன. அவற்றுள் பல நிலத்தடி லாயங்களிலேயே உண்டு உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் சில நாள் விடுமுறையிலன்றிச் சூரியனைக் காணாமல் வாழ்ந்தன என்பது இத்தொழிலின் சரித்திரத்தில் எளிதில் மறக்கத்தக்கதன்று.

வெர்னர் சீமன்ஸ் 1879இல் பெர்லின் பொருட்காட்சியில் மின்சார ரயிலை ஓட்டிக் காட்டினார். மூன்றே ஆண்டுகளில், 1882இல், அவருடைய நிறுவனம் செய்தளித்த மின் இஞ்சின் சாக்சனியிலுள்ள சௌக்கரோடே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யத் தொடங்கியது. மேலே அமைத்த மின்கடத்தியிலிருந்து மின்சாரத்தைப் பெறும் இவ்வகை இஞ்சினுக்குத் தீவனமும் வேண்டா, காற்றையும் அது பங்கு கேளாது. ஆயினும் கடத்தியில் தெறிக்கும் பொறி, மீத்தேன் வாயு நிறைந்த நிலக்கரிச் சுரங்கத்தில் பெருவெடிப்பை விளைக்கக்கூடுமாதலால், அத்தகைய இடங்களில் தீப்பொறி வெளிப்படாதபடி உறையிட்ட பாட்டரி இஞ்சின்களும், மோட்டாரால் சுழலும் இரும்புக் கயிறுகளுமே உகந்தவையாயின.

நம் நாட்டின் கதை இதனின்றும் வேறானது. இங்கே மின்சாரம் விடுவிக்க வேண்டியிருந்தது குதிரையைக் காட்டிலும் மனிதனையே. இதற்குத் தக்க சான்று கோலார் தங்கவயல். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்களே அங்கிருந்த தொழிலாளருள் பெரும்பகுதியினராயிருந்தனர். ஜான் டெய்லர் கம்பெனியார் நிர்வகித்த அச்சுரங்கங்களின் நீராவி இயந்திரங்கள் விறகையும் நிலக்கரியையும் ஓயாது தின்றன. மைசூர்த் திவானாயிருந்த சர் கே. சேஷாத்திரி ஐயரின் ஆதரவாலும், லோத்பினியர் என்னும் பொறியாளரின் முயற்சியாலும், சிவசமுத்திரத்தில் காவிரி வீழ்ச்சியின் ஜலசக்தியிலிருந்து உண்டாக்கிய மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பிவழி ஓடி, 1902ஆம் ஆண்டு ஜூன் மாதம் வயலை வந்தடைந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்வழிகளுள் ஒன்றாக அது மதிக்கப்பட்டது.

அம்மின்சாரம் முதலில் கல்லை இடிக்கும் ஆலைகளையும் காற்றழுத்த இயந்திரங்களையும் ஓட்டிற்று. தண்டவாள வண்டியை நிலத்தடியில் தள்ளிச்செல்லும் வேலையோ, அதன் பின்னரும் நெடுங்காலம் மனிதத் தோள்களிலேயே கிடந்தது. குதிரை விலை கொடுத்து வாங்கப்படுவது; நோயுற்றால் நஷ்டம் உடையவனைச் சாரும். கூலியாளோ, ஒருவன் போனால் மற்றொருவன் கிடைப்பான் என்ற நிலையில் இருந்தமையால், இயந்திரத்துக்குப் பணம் செலவிட முதலாளிக்கு அவசரம் தோன்றவில்லை. அவ்வயலில் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே சென்றுவிட்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் வெப்பத்திலும், எதிர்பாராது பாறை வெடித்துச் சிதறும் அபாயத்திலும் அம்மக்கள் ஆற்றிய உழைப்புக்கு உரிய இடம் நம் தொழில் சரித்திரத்தில் இன்னும் அளிக்கப்படவில்லை.

வங்காள, பீகார் நிலக்கரிச் சுரங்கங்களிலும் 'டப்' எனப்பட்ட சிறு வண்டிகளைத் தள்ளியவர்கள் தொழிலாளர்களே; வெட்டிய கரியைக் கூடையில் சுமந்து அவ்வண்டிகளில் நிரப்பியவர்களுள் பெண்கள் பலர். அவர்களைப் படிப்படியாக நிலத்தடியிலிருந்து விலக்கும் விதிகள் இங்கிலாந்துச் சட்டத்துக்கு 87 ஆண்டுகள் பிந்தி, 1929இல்தான் பிறந்தன.