தேய்ந்த செப்புக்காசுகள்

அரசர் முகம் மழுங்கி, எழுத்து மறைந்து, கறுத்துப்போன பழைய பிரிட்டிஷ் செப்புக்காசு ஒன்று நம் கைக்கு வருகிறது என்று கொள்வோம். அது எவர் காலத்தது? என்ன விலை பெறும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

இங்கிலாந்தில் அரசர் உருவமும் பிரிட்டானியாவின் வடிவமும் பொறித்த செப்புக்காசுகள் 1672ஆம் ஆண்டில், இரண்டாம் சார்லஸ் காலத்தில் வெளிவந்தன. அவை அரைப்பென்னியும், கால்பென்னியாகிய ஃபார்திங்கும் ஆகும். 1860ஆம் ஆண்டில் செம்பின் இடத்தை வெண்கலம் பெற்றது. ஆகவே நம் ஆராய்ச்சி இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டது.

எழுத்து அழிந்தாலும் உருவத்தின் நிழல் எஞ்சி நிற்கும். விளக்கொளி பக்கவாட்டில் விழுமாறு காசைச் சாய்த்துப் பார்த்தால், அரசர் எத்திசை நோக்குகிறார் என்பது புலப்படும். இரண்டாம் சார்லஸ், ஆன் அரசி, இரண்டாம் ஜார்ஜ், நான்காம் ஜார்ஜ், விக்டோரியா ஆகியோர் இடப்புறம் நோக்குவர். மூன்றாம் வில்லியம், முதலாம் ஜார்ஜ், மூன்றாம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகியோர் வலப்புறம் நோக்குவர். இரு தலைகள் இணைந்திருப்பின் அது வில்லியம், மேரி இருவரும் கூடி ஆண்ட காலத்தது.

இனிக் காசைத் திருப்புவோம். 1807 வரை பிரிட்டானியா இடப்புறம் நோக்கி அமர்ந்திருப்பாள். 1821 முதல் வலப்புறம் திரும்பிவிடுகிறாள். இரு பக்கங்களையும் ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும். இருவரும் வலப்புறம் நோக்கினால் அக்காசு நான்காம் வில்லியத்தினுடையதே. தலை இடப்புறமும் பிரிட்டானியா வலப்புறமும் நோக்கினால் நான்காம் ஜார்ஜ் அல்லது விக்டோரியா காலத்தது.

அளவும் சான்று பகரும். செம்பில் பென்னி 1797இல்தான் முதன்முதல் அச்சாயிற்று. பர்மிங்ஹாமை அடுத்த சோஹோவில் மாத்யூ போல்டன் நீராவிப் பொறியால் அதனை அடித்தார். பென்னி ஓர் அவுன்ஸ் எடை; இரண்டு பென்னிக் காசு இரண்டு அவுன்ஸ். அகன்ற விளிம்பில் எழுத்துகள் குழிவாக அமைந்திருக்கும். மக்கள் அதனை ‘வண்டிச் சக்கரம்’ என்றழைத்தனர்; கடைகளில் எடைக்கல்லாகவும் பயன்படுத்தினர். சென்னை மாகாணத்திற்கான இருபது காசு, பத்துக் காசு நாணயங்களும் அதே சோஹோவில் 1803இலும் 1808இலும் அச்சானவையே.

இத்தனை கனமான காசு எதற்காக? மூன்றாம் ஜார்ஜ் காலத்து அரைப்பென்னிகள் 1770 முதல் 1775 வரை அச்சாயின. அதன்பின் நெடுங்காலம் புதுக்காசு வரவில்லை. கள்ளக்காசே ஊரெங்கும் பெருகியது. கூலியாகப் பெற்ற காசைக் கடைக்காரர் ஏற்க மறுத்தால் இழப்பு உழைப்பாளிக்கே. ஆகவே தேய்ந்த அரைப்பென்னி எடையில் மிகக் குறைந்து, உருவமும் செம்மையற்றிருந்தால் அது கள்ளக்காசோ என ஐயுறலாம்.

விலையைப் பற்றி ஒரு கதையை நினைவுகூர்வோம். ஆன் அரசியின் 1714ஆம் ஆண்டு ஃபார்திங்குகள் உலகில் மூன்றே உள்ளன என்னும் வதந்தி இங்கிலாந்தில் பரவியிருந்தது. பெருஞ்செல்வம் கிட்டும் என நம்பித் தொலைவிலிருந்து லண்டனுக்குப் பயணம் செய்தோர் ஏமாந்து திரும்பினர். உண்மையில் அவை பல நூறு உண்டு. பழமை வேறு, அருமை வேறு. பல்லாயிரமாய் அச்சான காசு, முன்னூறு ஆண்டு பழையதாயினும் தேய்ந்துவிட்டால் சிறு விலையே பெறும். மாறாக, 1860 என்னும் ஆண்டைத் தாங்கிய பென்னி வெண்கலமாயின் எளிது. செம்பாயின் மிக அரிது. செப்புப் பென்னி சுமார் 34 மில்லிமீட்டர் அகலமும் வெண்கலத்தைப்போல் இரு மடங்கு எடையும் உடையது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. புளியாலோ மணலாலோ காசைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டா. காலம் பூசிய கருநிறம் போனால் எஞ்சிய மதிப்பும் போய்விடும். முகம் தேயும்வரை அக்காசு எண்ணற்ற ஏழைகளின் கைகளில் ரொட்டிக்கும் விறகுக்கும் மாறியிருக்கிறது. அத்தேய்மானமும் வரலாறே என்பதை நாம் மறவாதிருப்போமாக.