விடியற்காலையில் மாண்ட மீன்கள்

வங்காளக் கிராமங்களில் குளம் என்பது பெரும்பாலும் வீட்டின் ஓர் அங்கம். வெள்ளம் ஏறும் அச்சமவெளியில் வீடு கட்டுவோர் மண்ணை வெட்டித் தரையை உயர்த்துவர். மண் எடுத்த பள்ளமே கொல்லைக் குளமாகும். குளிப்பதும் பாத்திரம் துலக்குவதும் அதிலேதான்; ரோகு, கட்லா மீன்கள் வளர்வதும் அதிலேதான்.

இத்தகைய குளத்தில் ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தால், பகைவன் நஞ்சிட்டான் என்று ஐயுறுவது எளிது. நஞ்சிடுவோரும் உண்டு. ஆயினும் பல வேளைகளில் குற்றவாளி குளத்து நீரேயாகும்.

பசிய இலைகள் வெயிலில் பிராணவாயுவை வெளியிடுகின்றன, இருளில் காற்றைக் கெடுக்கின்றன என்று இங்கன்ஹௌஸ் என்னும் டச்சு மருத்துவர் 1779-ம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். குளத்துப் பாசியின் இயல்பும் அதுவே. பகலில் அது ஈட்டித் தரும் பிராணவாயுவை, இரவில் பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து செலவிடுகின்றன. விடியுமுன் கையிருப்பு மிகக் குறைந்துவிடுகிறது. நீரில் கரைந்த பிராணவாயுவை அளக்கும் முறையை 1888-ல் ஹங்கேரிய ரசாயன அறிஞர் விங்க்லர் வகுத்தார். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து ஏற்கக்கூடியது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமே. வெப்பநாட்டுக் குளத்தின் முதல் இவ்வளவு சிறியது.

அம்முதலையும் குறைக்கும் வழக்கங்கள் வங்காளத்தில் பெருகின. கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் 1855-ல் சணல் ஆலை தோன்றியபின் சணல் சாகுபடி விரிந்தது. நார் உரிப்பதற்காகத் தண்டுகளை நீரில் ஊறப்போடுவர். அவை அழுகும்போது பிராணவாயு தீர்ந்துபோகும். அயல்நாட்டிலிருந்து வந்த ஆகாயத் தாமரையோ நீர்ப்பரப்பை மூடி வெயிலையும் காற்றையும் தடுத்தது. அதை ஒழிக்க 1936-ல் வங்காளத்தில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

1957 ஜூலை 10-ந் தேதி, ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌதுரி கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்தார். அதுவரை ஆறுகளையே நம்பியிருந்த மீன்குஞ்சு, பின்னர் பண்ணைகளிலும் கிடைக்கலாயிற்று. குளத்தில் மீன் நெருக்கம் கூடியது; கூடவே நீரைக் காக்கும் பொறுப்பும் கூடியது.

மீன்கள் அதிகாலையில் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றாலும், பெரிய மீன்கள் முதலில் மாண்டு சிறியவை பிழைத்தாலும், பிராணவாயுக் குறைவையே முதலில் ஐயுற வேண்டும். உடனே புதுநீர் பாய்ச்சுவதும் நீரைக் கலக்கி அலைப்பதும் மீன்களைக் காக்கக்கூடும். உதிர்ந்த இலைகளை வாரி எடுப்பதும், மப்பு நாட்களில் சாணமும் தீனியும் இடாதிருப்பதும் முன்காப்பு. இதை அறிந்த குடும்பம் குளத்து மீனையும் காத்துக்கொள்ளும். அயலானோடு வீண்பகையையும் தவிர்க்கும்.