தஹினி

அரபு மொழியில் ‘தஹன்’ என்றால் அரைத்தல். அரைத்த தானிய மாவு ‘தஹீன்’. அரைத்த எள் விழுது ‘தஹீனா’. துருக்கியில் அது ‘தஹின்’, கிரேக்கத்தில் ‘தஹினி’. வேடிக்கை என்னவென்றால், பெயரில் எள்ளே இல்லை. நம் ‘எண்ணெய்’ இதற்கு நேர்மாறு: எள்+நெய் என்று எள்ளைச் சுமந்தபடியே தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

துருக்கி வீடுகளில் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவை மெல்லிசாக விரித்து, தஹினும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி, நத்தைக் கூடுபோல் வளைத்து ஓவனில் சுடுவார்கள். பெயர் ‘தஹின்லி சொரெக்’. ‘லி’ என்றால் ‘சேர்ந்தது’.

தஹினைச் சர்க்கரைப் பாகோடு சேர்த்தால் ‘ஹல்வா’. ‘இனிப்பு’ எனப் பொருள்படும் இந்த அரபுச் சொல்தான் நம்மிடம் அல்வாவானது. ஆனால் திருநெல்வேலி அல்வாவில் எள் கிடையாது, அது கோதுமைப்பால்.