விட்ட படிப்பைத் திரும்பத் தொட்ட கதை

மலருக்குக் கட்டுரை கேட்டாங்க. சேமிப்பு, கடன் பத்தி நிறைய பேர் எழுதுவாங்க. அதனால, பாதியில் நின்ன பெண்களுக்கு ஹைஸ்கூல் படிப்பு திரும்பக் கிடைத்த வரலாற்றை எழுதுகிறேன்.

இதில் முதலில் சொல்ல வேண்டியவர் துர்காபாய் தேஷ்முக். 1909-ல் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயசுல கல்யாணம். விவரம் தெரிந்ததும் அந்தக் கல்யாணத்திலிருந்து விலகிக்கொண்டார். உப்பு சத்தியாகிரகத்தில் ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தார். பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகாதவங்க மெட்ரிக் பரீட்சை எழுத முடியுமா? பனாரஸ் இந்து பல்கலைக்கழக மெட்ரிக் பரீட்சையை அவர் தனியாகப் படித்து எழுதினார். அப்புறம் காலேஜ், 1942-ல் சென்னையில் சட்டப் படிப்பு, 1946-ல் அரசியல் நிர்ணய சபை.

தான் மேலே வந்ததோடு அவர் நிக்கல. அதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. 1937-ல் சென்னையில் ஆந்திர மகிளா சபா ஆரம்பித்து, அதே பனாரஸ் பரீட்சைக்குப் பெண்களைத் தயார் செய்தார். 1953-ல் மத்திய சமூக நல வாரியம் வந்தபோது அவரே முதல் தலைவர். 1958-ல் அந்த வாரியம் பெண்களுக்குச் சுருக்கப் படிப்பு கொண்டு வந்தது. பல வருஷப் பாடத்தைச் சுமார் ரெண்டு வருஷத்துல முடிச்சு மெட்ரிக் எழுத வைக்கிற வகுப்பு. காரணமும் இருந்தது. கிராமத்துக்கு ஆசிரியை, நர்ஸ், கிராம சேவிகா வேணும். ஆனா அந்த அளவு படிச்ச பெண்கள் கிராமத்துல கிடைக்கல.

அடுத்தது திறந்தநிலைப் பள்ளி. 1979-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் டெல்லியில் ஒரு திட்டமாகத் தொடங்கியது. 1989-ல் அது தேசிய திறந்தநிலைப் பள்ளி ஆச்சு. அதே 1989-ல்தான் தர்மபுரியில் நம்ம மகளிர் குழுக்களும் ஆரம்பம்! 2002-ல் இன்றைய பெயர், தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம்.

அங்கே பத்தாவதுக்கு 14 வயசு ஆகியிருக்கணும்; மேலே எத்தனை வயசானாலும் சேரலாம். அஞ்சு பாடம் பாஸ் பண்ணணும், அதுல ஒண்ணாவது மொழிப்பாடம். மனையியல், ஓவியம் கூட பாடமா உண்டு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை. ஒரு தடவை சேர்ந்தா அஞ்சு வருஷம் செல்லும். ஒவ்வொரு பாடமா எழுதி முடிக்கலாம், பாஸ் பண்ணினது அப்படியே நிக்கும். நாத்து நடவு, பிள்ளைங்க காய்ச்சல், மாமியார் ஆஸ்பத்திரின்னு ஓடுற நமக்கு இதுதான் தோது. நம்ம மாநிலத் தேர்வையே தனித்தேர்வராகவும் எழுதலாம்.

ஆனா ஒரு விஷயத்துல ஏமாந்துடக் கூடாது. பன்னிரண்டாவது முடிக்காமலே சில பேர் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரா டிகிரி வாங்கினாங்க. பத்து, பன்னிரண்டு, அப்புறம் டிகிரி என்று வரிசையாகப் படிக்காத பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009-ல் ஆணை போட்டது. ராத்திரி கண் முழிச்சுப் படிச்சவங்க கையில வெறும் காகிதமா நின்னது. பட்டத்தை மட்டும் வித்துட்டு இந்த வரிசையைச் சொல்லாம விட்டவங்க மேல எனக்குக் கோபம் உண்டு. யாராவது "நேரா டிகிரி" என்று நோட்டீஸ் கொடுத்தா, முதல்ல இதைக் கேளுங்க.

எங்க குழுவில் ஒரு அக்கா, 41 வயசு, நாலு பாடம் முடிச்சுட்டாங்க. கணக்கு மட்டும் பாக்கி. நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டின்னா குழுக் கூட்டத்துல மனசுக்குள்ளயே போட்டுச் சொல்லிடுவாங்க. அதே கணக்கு புத்தகத்துல தனிவட்டின்னு வந்தா முழிக்கிறாங்க. ஏழாவது படிக்கிற அவங்க மகன்தான் சாயங்காலம் சொல்லிக் கொடுக்கிறான். அக்டோபர் பரீட்சைக்குப் பணம் கட்டியாச்சு.